வெள்ளைத் துண்டில் துடைத்த வெற்றிலை

எங்கள் பல் மருத்துவமனைக்குப் பல்லின் நிறத்தைச் சொல்லும் கருவி ஒன்று வந்திருக்கிறது. தடித்த பேனா மாதிரி இருக்கும். பல்லின் மேல் வைத்தால் கீச்சென்று ஒரு சத்தம், திரையில் ஓர் எழுத்து, ஓர் எண், அவ்வளவுதான். அது வந்த மாதத்திலேயே எனக்கு ஓய்வும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். ஒருவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

வழியனுப்பு விழாவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்டார்கள்: "நூரம்மா, மிஷின் இல்லாத காலத்துல பல்லோட கலரை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணால," என்றேன். நான் வேடிக்கை பேசியதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. அத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தார். வந்து இறங்கும் தோலை வெளிச்சத்தில் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அவர் மகள் பல்லில் கறை பார்க்கப் போனாள். பல் சுத்தம் செய்வதற்கான படிப்பை மதுரையில் படித்தேன். பிளாஸ்டரில் செய்த பற்களில் பழகினோம். பிளாஸ்டர் பல் கடிக்காது, வெற்றிலை போடாது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றும் சொல்லாது. ஆகையால் அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எனக்கு வேலை கொடுத்தவர் டாக்டர் தண்டபாணி. பழனிப் பக்கத்துக்காரர், எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதில் தவறில்லை. ஆனால் அவர் மனிதர்களோடு அதிகம் பேச மாட்டார். பற்களோடு பேசுவார், அதுவும் அதே மரியாதையோடு. "ஏனுங்க, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. ஏன் இப்படிச் சாஞ்சுட்டீங்க?" என்று கடைவாய்ப் பல்லை விசாரிப்பார். ஒட்டன்சத்திரத்தில் இருந்து காய்கறி வியாபாரி ஒருவர் ஆடும் பல்லோடு வந்திருந்தார். அவர் வாய்க்குள் குனிந்து டாக்டர் சொன்னார்: "நீங்க இருந்து இனிப் புண்ணியமில்லீங்க. கிளம்பிடுங்க." வியாபாரி எழுந்து, கும்பிட்டுவிட்டு, கழுத்தில் கட்டிய துணியோடு கிளம்பிவிட்டார். பேருந்து நிலையம் வரை ஓடிப் போய் நான்தான் கூட்டிவந்தேன்.

நிறம் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். விசிறி மாதிரி விரியும் ஒரு சட்டத்தில் வரிசையாக மாதிரிப் பற்கள் இருக்கும், வெண்மையில் தொடங்கிப் பழுப்பு வரை. நோயாளியை ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும். விளக்கு கூடாது, பகல் வெளிச்சம்தான். பெண்கள் உதட்டுச் சாயம் பூசியிருந்தால் துடைக்க வேண்டும். சேலை பளிச்சென்று இருந்தால் சாம்பல் நிறத் துணியால் போர்த்த வேண்டும். பல் காய்ந்துவிட்டால் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும், அதனால் ஈரம் போவதற்குள் பார்த்துவிட வேண்டும். மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்துச் சட்டென்று ஒரு பார்வைதான். அதற்கு மேல் பார்த்தால் கண் பழகிவிடும், எல்லாப் பல்லும் ஒன்றுபோலத் தெரியும். கண்ணை மீட்க நீல நிறத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக டாக்டர் கடைத்தெருவில் நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கி முக்காலியின் மேல் வைத்திருந்தார்.

ஆகவே நான் பல்லைப் பார்ப்பேன், வாளியைப் பார்ப்பேன், பல்லைப் பார்ப்பேன், வாளியைப் பார்ப்பேன். ஒரு முறை ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, பிடுங்குற பல்லையெல்லாம் அந்த வாளியிலதான் போடுவீகளா?" என்று கேட்டார். சுத்தம் செய்ய வந்தவர் அவர். வாளியின் அளவைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

கறையில் ஜாதி உண்டு. டீக்கறை மேலாகப் படிந்திருக்கும், நுரைக்கல் மாவுக் குழம்பைத் தொட்டு ரப்பர் கிண்ணியைச் சுழலவிட்டால் போய்விடும். வெற்றிலை, புகையிலைக் கறை அப்படி அல்ல. கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் பாறை மாதிரி இறுகியிருக்கும். அதிர்ந்துகொண்டே தண்ணீர் பீய்ச்சும் ஊசிமுனையால் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். பெயர்த்து முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லைக் காணோம்" என்று சண்டைக்கு வருவார்கள். கறையையே பல் என்று நினைத்து அத்தனை காலம் வாழ்ந்திருப்பார்கள்.

சிவப்பு மருந்து என்று ஒன்றும் உண்டு. பல்லில் தடவிக் கொப்பளித்தால் அழுக்கு ஒட்டியிருக்கும் இடம் மட்டும் சிவந்து நிற்கும், சுத்தமான இடத்தில் நிற்காது. ஒரு பள்ளிக்கூட முகாமில் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைத் தடவினோம். பல் விளக்கிவிட்டு அனுப்புவதற்குள் அவர்கள் ஊர்ப் பேருந்து வந்துவிட்டது. அத்தனை பேரும் சிவந்த வாயோடு ஏறிப் போனார்கள். மறுநாள் தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வெற்றிலை பழக்குவது யார் என்று கேட்டார்கள்.

இதெல்லாம் வெளிக்கறை. பல்லுக்குள்ளேயே உண்டாகும் காவி வேறு. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி ஊர்கள் சிலவற்றில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல் முளைக்கும்போதே பழுப்புப் பட்டையோடு முளைக்கும். சின்னாளப்பட்டிச் சேலையில் நெய்யும்போதே விழுந்த கோடு மாதிரி, துவைத்தால் போகாது. அப்படி ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வார்கள். அங்கே ஆணும் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். ஆண்களுக்குத் துண்டு, பெண்களுக்கு முந்தானை.

அந்த ஊரிலிருந்து செல்வராசு வந்தான். நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பூ ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன். தூரத்து உறவில் மாமன் மகள் கவிதாவைப் பேசி முடித்திருந்தார்கள்.

"எங்க வீட்டுல யாரு கல்யாண போட்டோவுலயும் பல்லு தெரியாதும்மா," என்றான். "எங்க அய்யா போட்டோவப் பாத்தா, கல்யாணத்துக்கு வந்தவரா எழவுக்கு வந்தவரான்னு தெரியாது. நான் ஒரு தடவை சிரிச்சுக்கிறேன்."

டாக்டர் அவன் முன்பற்களோடு வெகுநேரம் பேசினார். பிறகு வேலை தொடங்கியது. பற்கள் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் விரிப்பைக் கட்டினேன். உதட்டுக்கு வாசலைன். மென்மையான அமிலம் கலந்த மாவுக் குழம்பைப் பழுப்புப் பட்டையின் மேல் வைத்துச் செத்த நேரம் தேய்ப்பது, கழுவுவது, ஈரத்தோடு பார்ப்பது, வாளியைப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. பல்லின் மேல்தோல் போனால் போனதுதான், வளராது. ஆகவே ஒவ்வொரு முறையும் டாக்டர் பல்லிடம் அனுமதி கேட்டார். "இன்னும் ஒரே தடவைங்க. வலிச்சாச் சொல்லிடுங்க." செல்வராசு தன்னைக் கேட்பதாக நினைத்து ஒவ்வொரு முறையும் தலையாட்டினான். பட்டை மங்கிப் பழுப்பு வெளிறியது. மிச்சத்துக்கு வெளுப்பு மருந்து. அவன் பல்வரிசைக்கு அளவெடுத்து, கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தோம். ராத்திரி அதில் மருந்தை இட்டு மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

அந்த மருந்து போடும்போது பல்லின் துவாரங்கள் திறந்திருக்கும், எந்த நிறம் பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னேன்: "வெள்ளைத் துணியில சிந்துனா எது கறையாகுமோ, அதை வாயில வைக்காதே." என் மேல் தப்பில்லை. இன்றைக்கும் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்கள் அதையேதான் சொல்கிறார்கள்.

செல்வராசு சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒரு வெள்ளைத் துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். எதைச் சாப்பிடுமுன்பும் அந்தத் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பான். கறை விழுந்தால் ஒதுக்கிவிடுவான். இட்லி தேறியது, தேங்காய்ச் சட்னி தேறியது, தயிர்ச்சோறு தேறியது. சாம்பார் தேறவில்லை. திண்டுக்கல் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு பிரியாணிக் கடை வாசலில் பால் வாங்கிக் குடித்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இந்த நிலையில் நிச்சயதார்த்தம் வந்தது. விருந்தில் கறிக்குழம்பு ஊற்றினார்கள். துண்டில் தொட்டுப் பார்த்துவிட்டு இலையை நகர்த்தினான். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் வயிறு சரியில்லை என்று விட்டிருப்பார்கள். அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தகப்பன் தன் கையால் வெற்றிலை மடித்து மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை சபையிலேயே அதை மென்று, வாய் சிவந்து காட்ட வேண்டும். வாய் சிவந்தால்தான் சொல் நின்றது என்று அர்த்தம். கவிதாவின் தகப்பனார் பெரியகருப்பன் வெற்றிலை மடித்து நீட்டினார். செல்வராசு பணிவாக இரண்டு கையாலும் வாங்கினான். துண்டை விரித்தான். வெற்றிலையைக் கசக்கி அதில் துடைத்தான். உற்றுப் பார்த்தான். பிறகு, "வேணாம் மாமா," என்று திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் ஒரு பூ வேன் வந்து நின்றது. உள்ளே காலிப் பூக்கூடைகளுக்கு நடுவே பெண் வீட்டார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நியாயம் கேட்க வருகிறவர்களுக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை என்று செல்வராசுவே அவர்களை ஓட்டிவந்திருந்தான்.

முதலில் இறங்கியவர் பெரியகருப்பன். மாட்டுச் சந்தைத் தரகர். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பின்னால் வந்தவர் சொன்னார். அவரே வாய்க்கு முன்னால் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"பாய்வீட்டம்மா, கெழட்டு மாட்டுப் பல்லை ராவிவிட்டு, நாலு பல்லுக் காளைன்னு விக்கிற களவாணிகள எனக்குத் தெரியும். ஒருத்தன் பல்லுல கை வச்சான்னா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். இவன் எதை மறைக்கிறான்? வயசையா, வியாதியையா?"

"கறையைத்தான் எடுத்தோம். வேற ஒண்ணுமில்ல," என்றேன்.

"அம்புட்டுக் காவியும் போகுமா? ஊரு முழுக்க இருக்கு, எவனுக்காச்சும் போயிருக்கா? இது செட்டுப் பல்லு. எங்கேயோ குடிச்சுட்டு விழுந்து பல்லைக் கொட்டியிருக்கான். அதான் பாக்கு மெல்ல முடியல."

செல்வராசு அழுகிற நிலையில் இருந்தான். "மாமா, நான் குடிக்கிறது பாலு மட்டுந்தான் மாமா," என்றான். அது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

"பேச்சு வேணாம். இப்பயே இங்கன வச்சு இந்த வெத்தலைய மெல்லட்டும். இல்லேன்னா நிச்சயம் முறிஞ்சது," என்றார் பெரியகருப்பன். மடித்த வெற்றிலையை மடியிலேயே கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் வந்து செல்வராசுவின் வாயைத் திறந்து பார்த்தார். "இவங்க கதவு இன்னும் திறந்துதான் இருக்குதுங்க. இன்னைக்கு முடியாதுங்க," என்று பற்களின் சார்பில் மறுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெண் வீட்டார் எந்தக் கதவு என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மென்றால் பல் போச்சு, மெல்லாவிட்டால் பெண் போச்சு. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு போட்டோவில் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. அப்போது அவன் சட்டைப் பையில், அந்தப் பிளாஸ்டிக் உறைகளை வைக்கும் பெட்டி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "மேலேயும் கீழேயும் மாட்டிக்க. பல்லு மேல சாயம் படாது. மென்னுரு," என்றேன்.

மாட்டிக்கொண்டு மென்றான். உதடு சிவந்தது, நாக்கு சிவந்தது, கடைவாயில் சாறு வழிந்தது. பெண் வீட்டார் முகமெல்லாம் தெளிந்தது. பெரியகருப்பன்கூடத் துண்டுக்குப் பின்னால் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. காரியம் முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், பல்லைக் காப்பாற்றும் அவசரத்தில் அந்தப் பிள்ளை எல்லோருக்கும் நடுவில் வாய்க்குள் விரலை விட்டு, சிவந்து கிடந்த இரண்டு உறைகளையும் கழற்றிக் கையில் எடுத்தான்.

அவற்றில் பல்லின் வடிவம் ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது பல்செட்டேதான். ஓர் அம்மாள், "ஆத்தே, கழண்டு வருது," என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "உள்ள இன்னொரு செட்டு இருக்குப்பா," என்றார்.

அந்த நேரம் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு இத்தனை விசாரணையா? "அண்ணே, நீங்கதான பல்லுப் பாக்குறவரு? வாங்க, நீங்களே பாருங்க," என்று செல்வராசுவை நாற்காலியில் சாய்த்து, பெரியகருப்பனுக்குக் கையுறையை மாட்டப் போனேன்.

"வெறுங்கைதாம்மா பேசும்," என்றார்.

"சந்தையில பேசட்டும். இங்க கையுறை போட்டுத்தான்," என்றேன்.

போட்டுக்கொண்டார். அவருக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. மாட்டின் மூக்கைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். உதட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். ஈறை அழுத்தினார். கடைவாயில் விரலை விட்டுத் தேய்மானம் பார்த்தார்.  டாக்டர் எட்டிப் பார்த்து, பற்களிடம், "பயப்படாதீங்க," என்றார்.

"மொளைச்ச பல்லுதான்," என்றார் பெரியகருப்பன் கடைசியில். "வயசும் சொன்ன வயசுதான். கடவாயில காவி இன்னும் இருக்கு. நம்மூருப் பல்லுதான்." கையுறையைக் கழற்றியபடியே அடுத்த குண்டைப் போட்டார். "ஆனா உறையை மாட்டிக்கிட்டு மென்னது செல்லுமா? வெத்தல பல்லுல படலையே."

செல்லும் என்றார்கள் பாதிப்பேர், செல்லாது என்றார்கள் பாதிப்பேர். செருப்புப் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டால் சேர்த்தியா என்று ஒருவர் கேட்டார். இந்தச் சத்தத்தில் வேனிலிருந்து கடைசியாக இறங்கிய கவிதா உள்ளே வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பிறகு முந்தானையை விட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் காவிப்பல் முழுக்கத் தெரியத்தான் பேசினாள்.

"அய்யா, சொல்லு குடுக்குறது நாக்கா, பல்லா? மச்சான் நாக்கு செவந்துருக்குல்ல. போதும். வாங்க வீட்டுக்கு."

பெரியகருப்பன் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளை நாக்கைப் பார்த்தார். "சரி, வண்டிய எடு மாப்ளே," என்றார். கூட்டிவந்தவனே ஓட்ட, எல்லோரும் பூக்கூடைகளுக்கு நடுவே ஏறி ஊருக்குப் போனார்கள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். போட்டோ எடுக்கும்போது எல்லோரும் துண்டையும் முந்தானையையும் வாயில் வைத்துக்கொண்டார்கள். நடுவில் செல்வராசு மட்டும் சிரித்தான். பக்கத்தில் கவிதாவும் பொத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் அவளிடமும் அவள் அய்யாவிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: பிறக்கிற பிள்ளைக்குக் குடிக்க, சமைக்க எதற்கும் அந்தக் குழாய்த் தண்ணீர் கூடாது. காய்ச்சினாலும் போகாது. ஆற்றுத் தண்ணீர் வருகிற இடத்திலிருந்து எடுத்து வாருங்கள். பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கிற வரைக்கும் விடாதீர்கள்.

"கன்னுக்குட்டிக்குமா?" என்று கேட்டார் பெரியகருப்பன்.

"மாட்டுக்கும் அதே கதைதாண்ணே."

அவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். "அதான் எங்க ஊரு மாட்டைச் சந்தையில எவனும் நம்ப மாட்டேங்குறான்," என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்னால் பெரியகருப்பன் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தது. கன்றின் உதட்டைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார். பழுப்பு ஒரு பொட்டு இல்லை. ஏழு வருஷம் தினமும் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார். நான் பல்லைப் பார்த்தேன், பழக்கத்தில் வாளியைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி கருவியை எடுத்து வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு உதவிம்மா," என்றார் பெரியகருப்பன். "ஊருல போறவன் வாரவன் எல்லாம் இவ பல்லைக் காட்டச் சொல்லிப் பாக்குறான். பாத்துட்டுப் போனா ராத்திரி காய்ச்சல். கன்னத்துல மைப்பொட்டு வச்சாச்சு, எவன் கன்னத்தப் பாக்குறான்? ஒரே ஒரு பல்லுல கொஞ்சூண்டு காவி வச்சு விடு. கண்ணு படாது."

வாழ்நாள் முழுக்கக் கறை எடுத்தவளிடம் கறை வைக்கச் சொல்கிறார். மருத்துவமனைப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் சிவப்பு மருந்தை எடுத்தேன், ஒரு நாளில் போய்விடும், பாதகமில்லை. டாக்டர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து வந்து அந்தச் சின்னப் பல்லிடம், "கோவிச்சுக்காதீங்க, பெரியவர் ஆசைப்படுறாருங்க," என்றார். பஞ்சில் தொட்டு வைத்தேன். பிள்ளை கொப்பளித்துத் துப்பினாள். பல் முன்போலவே வெள்ளையாக இருந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் நிற்கவில்லை.

"ஒட்டலியா?" என்றார் பெரியகருப்பன்.

"ஒட்டாதுண்ணே. ஒட்டுறதுக்கு அழுக்கு வேணும். இதுல இல்ல."

அவர் பேத்தியின் பல்லை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மருந்தில் நன்றாக முக்கி, தன் பல்வரிசை முழுக்கத் தேய்த்துக்கொண்டார். அவர் வாயில் மருந்து பிடிக்காத இடமே இல்லை. காவியும் சிவப்புமாகப் பார்க்கவே பயங்கரமாக இருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிறேம்மா," என்றார். "பாக்குறவன் கண்ணு என் பல்லுல விழட்டும்."

பேருந்து நிலையம் வரை நானும் கூடப் போனேன். குஜிலியம்பாறை வண்டி வந்ததும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். படியில் நின்று இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே நின்ற அத்தனை பேரும் கிழவரைத்தான் பார்த்தார்கள்.